ஓய்வு பெற்றோரும் இல்லற ஒழுங்கும்

(நம் பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற ஓய்வு பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் பங்கின் பொன்விழாவுக்குக் கொடியேற்றம், தேர்ப்பவனி, ஆடம்பரக் கூட்டுத் திருப்பலி, அசன விருந்து என்று எல்லாவற்றுக்கும் நாள் குறித்தாகிவிட்டது. இவற்றோடு ஒரு மாலைப் பொழுதை, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் விரைவில் ஓய்வு பெறப்போகிறவர்களுக்கும் ஒதுக்க வேண்டுமெனப் பங்குப் பேரவையார் கேட்டுக்கொண்டனர். மிகப் பொருத்தமான வேண்டுகோள். ஏனெனில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கோவிலுக்குக் கல் சுமந்தவர்களின் பிள்ளைகள்தான் இன்று பென்ஷன் வாங்கிக்கொண்டு முன் வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள்.

ஐம்பது என்ற எண்ணுக்கு வேதாகமத்தில் தனிச் சிறப்பு உண்டு. லேவியர் ஆகமம் 25ஆம் அதிகாரம் ஐம்பதாம் ஆண்டை யூபிலி ஆண்டு என்கிறது. அவ்வாண்டில் நிலத்துக்கு ஓய்வு, அடிமைக்கு விடுதலை. அவனவன் தன் குடும்பத்துக்கும் தன் காணிக்கும் திரும்ப வேண்டும். எண்ணாகமம் 8ஆம் அதிகாரத்தில் இன்னொரு ஐம்பது வருகிறது. இறைவனின் கூடாரத்தில் பணி செய்யும் லேவியன் இருபத்தைந்து வயதில் வேலையில் சேர்கிறான். ஐம்பதாம் வயதில் கட்டாயப் பணியிலிருந்து விலகுகிறான். அதற்குப் பின் தன் சகோதரருக்கு உதவியாய் இருக்கலாம்; பழைய பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை. வி.ஆர்.எஸ். என்பது நேற்றுப் பிறந்த ஏற்பாடு அல்ல என்பது இதிலிருந்தே விளங்கும்!

குருக்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. எழுபத்தைந்து வயதில்தான் பங்குத்தந்தையர் ஆயரிடம் பணி விலகல் கடிதம் கொடுக்கும்படி திருச்சபைச் சட்டம் கேட்டுக்கொள்கிறது. ஆகவே, நாம் இன்னும் எட்டிப் பார்க்காத வீட்டைப் பற்றித்தான் உங்களிடம் பேசுகிறோம். ஆனால் அந்த வீட்டின் முற்றத்தில் நின்று பலருடைய கதைகளைக் கேட்டிருக்கிறோம். அந்த உரிமையில்தான் இந்தப் பேச்சு.

முன்பெல்லாம் ஓய்வு என்பது முதுமையின் வாசல். இன்று அப்படியல்ல. 2019 நவம்பரில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் ஐம்பது வயது நிறைந்த ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவித்தது. 78,000க்கும் மேற்பட்டோர் 2020 ஜனவரி 31ஆம் தேதி ஒரே நாளில் வீடு திரும்பினர். அவர்களில் நம் பங்கைச் சேர்ந்தவர்களும் உண்டு. வீட்டுக்கு வந்த இரண்டு மாதத்துக்குள் கொரோனா ஊரடங்கும் வந்து சேர்ந்தது. கையில் பணம், உடம்பில் பலம், முன்னே முப்பது ஆண்டுகள். ஆனால் மறுநாள் காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியவில்லை. இந்த நிலை சிறிய சோதனை அல்ல. நல்ல மனிதர்கள் பலர் இதில் உடைந்து போனதைப் பார்த்திருக்கிறோம். ஆதலால் உடல், இல்லம், பணம், ஆன்மா என்னும் நான்கையும் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது: உடல்

உத்தியோகத்தில் இருந்த காலத்தில் உடம்புக்கு ஓர் ஒழுங்கை வேலையே கொடுத்தது. ஐந்து மணிக்கு எழுந்தோம், பஸ்ஸுக்கு நடந்தோம், மாடிப்படி ஏறினோம், குறித்த நேரத்தில் சாப்பிட்டோம். ஓய்வு பெற்ற மறுநாளே இந்த ஒழுங்கு கலைந்துவிடுகிறது. எட்டு மணிக்குப் பலகாரம், பத்து மணிக்குக் காப்பி, மதியம் வயிறு நிறையச் சோறு, அதன்மேல் இரண்டு மணி நேரத் தூக்கம், சாயங்காலம் வடை, இரவு பத்து மணி வரை தொலைக்காட்சி. ஆறு மாதத்தில் சட்டைப் பொத்தான் எட்டுவதில்லை. ஓராண்டில் டாக்டர் சீட்டு வந்துவிடுகிறது.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. இந்த நோயும் இரத்தக் கொதிப்பும் கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையேனும் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரகம், கண் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் இரவில் தம் பாதங்களைப் பார்ப்பதை ஒரு செபம்போல் பழகிக்கொள்ள வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் சிறு கொப்புளம் வந்தாலும் வலி தெரியாது, முற்றிய பிறகே தெரியும்.

"மாத்திரை சாப்பிட்டேன், சர்க்கரை இறங்கிவிட்டது, மாத்திரையை நிறுத்திவிட்டேன்" என்று நம்மிடம் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. குடை பிடித்ததால் நனையவில்லை. நனையவில்லையே என்று நடு மழையில் குடையை மடக்குவார்களா? மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தலாகாது. இவற்றுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அரசு மாத்திரைதானே என்று அலட்சியம் செய்ய வேண்டாம்.

வாரத்துக்கு 150 நிமிடமேனும் வேகமாக நடக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் நம் பந்தியில் எத்தனை தேக்கரண்டி உப்பைக் கொண்டுவருகின்றன என்பதைத் தாய்மார்களே கணக்கிட்டுக்கொள்ளட்டும். நடப்பதற்குச் சுலபமான வழி ஒன்று சொல்கிறோம்: காலைப் பூசைக்கு ஸ்கூட்டரில் வராமல் நடந்து வாருங்கள். ஆன்மாவுக்கும் ஆகும், முழங்காலுக்கும் ஆகும்.

குடியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வேலை இருந்தவரை சனிக்கிழமை மட்டும் குடித்தவர், ஓய்வுக்குப் பின் எல்லா நாளையும் சனிக்கிழமையாக்கிக்கொள்கிறார். கேட்டால், வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சை இரசம் பருகும்படி சின்னப்பர் திமோத்தேயுவுக்கு எழுதவில்லையா என்கிறார். எழுதினார். கொஞ்சம் என்றுதான் எழுதினார். டாஸ்மாக்கைப் பற்றி எழுதவில்லை.

இரண்டாவது: இல்லம்

ஆண்கள் ஓய்வு பெறுகிறார்கள். அவர்கள் மனைவியர் ஓய்வு பெறுவதில்லை. முப்பது ஆண்டுகள் பகல் முழுவதும் அந்த அம்மாளின் ஆட்சியில் இருந்த வீட்டுக்குள் திடீரென்று ஒரு மேலதிகாரி வந்து உட்கார்ந்துகொள்கிறார். பால்காரனுக்கு ஏன் இவ்வளவு, விளக்கை ஏன் அணைக்கவில்லை, குழம்பில் புளி ஏன் குறைவு என்று ஆபீசில் செலுத்த முடியாத அதிகாரத்தையெல்லாம் அடுப்படியில் செலுத்துகிறார். "சாமி, இவருக்கு எங்கேயாவது ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள்" என்று நம்மிடம் வந்து கேட்ட தாய்மார்கள் ஒருவர் இருவர் அல்லர்.

ஓய்வு பெற்ற ஆண்மக்களுக்கு நாம் சொல்வது இதுதான். வீட்டு வேலையில் ஒரு பகுதியை முழுமையாக உங்கள் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள். ரேஷன் கடை, மின்கட்டணம், மார்க்கெட், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது என்று எதுவாகவும் இருக்கட்டும். காலைக் காப்பியை நீங்களே போடக் கற்றுக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டு உங்களுக்கு முன் எழுந்தவளுக்கு ஒரு நாள் படுக்கையருகே காப்பி கொண்டுபோய்க் கொடுங்கள். திருமணத் திருப்பலியில் கொடுத்த வார்த்தைப்பாட்டில் இதுவும் அடங்கும். வேலைக்குப் போய் ஓய்வு பெற்ற ஆசிரியை, செவிலியர் போன்ற நம் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை: ஓய்வு பெற்றவுடன் மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் சம்பளமில்லாத ஆயாவாகப் போய் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது ஆசீர்வாதந்தான். அதற்கும் நேரமும் அளவும் உண்டு என்று பிள்ளைகளிடம் அன்போடு சொல்லிவிடலாம்.

சாமுவேலின் இரண்டாம் ஆகமத்தில் பர்சில்லாய் என்னும் முதியவர் வருகிறார். தாவீது அரசர் துன்பத்தில் இருந்தபோது உணவு கொடுத்துக் காத்தவர். நாடு திரும்பும் அரசர், என்னோடு எருசலேமுக்கு வந்து அரண்மனையில் இரும் என்று அழைக்கிறார். எண்பது வயதான அந்தப் பெரியவர், தமக்கு இனி விருந்தின் ருசியும் பாட்டின் இனிமையும் விளங்காது, அரசருக்குச் சுமையாக வேண்டாம், தம் ஊரில் தாய் தந்தையின் கல்லறை அருகே இருந்துகொள்கிறோம் என்று சொல்லி, தமக்குப் பதிலாக இளையவனான கிம்காமை அனுப்பிவைக்கிறார். எவ்வளவு தெளிவு! சென்னையிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் அழைக்கும்போது, சொந்த வீட்டை விற்றுவிட்டு உடனே புறப்படுமுன் இந்தப் பர்சில்லாயை நினைத்துக்கொள்ளுங்கள். போய்ப் பாருங்கள், மாதக்கணக்கில் தங்குங்கள். ஆனால் திரும்பி வர ஒரு கதவு இருக்கட்டும்.

மூன்றாவது: பணம்

கோவிலில் பணத்தைப் பற்றிப் பேசினால் காணிக்கை கேட்கப்போகிறார் என்று பயப்படுகிறீர்கள். பயப்பட வேண்டாம், இன்று உங்கள் பணம் உங்களிடமே இருக்க வழி சொல்கிறோம்.

பி.எப்., கிராஜுவிட்டி, விருப்ப ஓய்வுத் தொகை எல்லாம் சேர்ந்து, வாழ்நாளில் பார்த்திராத ஒரு பெருந்தொகை ஒரே நாளில் கணக்கில் வந்து விழுகிறது. அன்று முதல் உறவினர் கூட்டம் பெருகுகிறது. ஒருவருக்கு வியாபாரத்துக்கு, ஒருவருக்கு மகன் வெளிநாடு போக ஏஜெண்டுக்கு, ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துக்கு. பிறருக்காகப் பிணை நிற்பதைப் பற்றி நீதிமொழிகள் ஆகமம் பலமுறை எச்சரிக்கிறது. ஆகவே, முதல் ஆறு மாதம் எந்தப் பெரிய முடிவும் வேண்டாம். வீட்டுக்கு மேல் மாடி கட்டுவது, கார் வாங்குவது, கடை போடுவது எல்லாம் ஆறு மாதம் காத்திருக்கட்டும். அவசரப்படுத்துகிறவன் யாராயினும் அவன் தன் அவசரத்துக்காக வருகிறான்.

மாதச் செலவைக் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஆறு மாதச் செலவுக்கான தொகை உடனே எடுக்கும்படி வங்கியில் இருக்க வேண்டும். மீதியை மாத வருமானம் தரும் இடங்களில் பிரித்துப் போடலாம். 2004இல் தொடங்கிய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் உண்டு. அறுபது வயது நிறைந்தவர்களுக்குரியதாயினும், 55 வயது நிறைந்து ஓய்வோ விருப்ப ஓய்வோ பெற்றவர்களும் சேரலாம். ஆனால் ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும். 2023 ஏப்ரலில் இதன் உச்சவரம்பு 15 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாக உயர்ந்தது, வட்டி 8.2 சதவீதமாயிற்று. அந்த வட்டியில் 30 இலட்சம் போட்டவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 ரூபாய் வரும். வட்டி விகிதம் அவ்வப்போது மாறுமாதலால் போடுகிற அன்று விசாரித்துப் போடுங்கள். வங்கி வைப்புகளுக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 இலட்சம் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் அது ஓர் இலட்சமாக இருந்தது. ஆதலால் முட்டைகளையெல்லாம் ஒரே கூடையில் அடுக்க வேண்டாம்.

தனியார் கம்பெனிகளில் வேலை செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1995ஆம் ஆண்டுத் திட்டப்படி பி.எப். பென்ஷன் 58 வயதில் முழுமையாகக் கிடைக்கும். ஐம்பது வயதுக்கு மேல் முன்கூட்டியும் பெறலாம். ஆனால் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு உண்டு. அந்த வெட்டு உயிருள்ளவரை தொடரும். ஆகவே வேறு வழி இருந்தால் காத்திருப்பதே நலம்.

இன்னொரு கணக்கும் உண்டு. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், பன்னிரண்டு ஆண்டில் இரட்டிப்பாகிவிடும். இன்று மாதம் 20,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு அன்று 40,000 வேண்டும். 55 வயதில் ஓய்வு பெற்றவர் தமக்கு மட்டுமல்ல, தம்மைவிட இளையவரான மனைவியின் காலம் வரைக்கும் கணக்குப் போட வேண்டும். கணவர் மறைந்தபின் வரும் குடும்பப் பென்ஷன் பெரும்பாலும் குறைந்த தொகையே. கணக்கு எந்த வங்கியில், பத்திரம் எந்தப் பெட்டியில் என்று தெரியாமல், அடக்கம் முடிந்த மறுவாரம் ஒரு பையில் காகிதங்களைப் போட்டுக்கொண்டு நம் அறைவாசலில் வந்து நின்ற விதவைகளை நாம் கண்டிருக்கிறோம். அந்தக் கண்ணீரில் பாதி, கணவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதி வைத்திருந்தால் வந்திருக்காது.

பேராசை என்னும் பேயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2022இல் நம் மாநிலத்தில், மாதத்துக்கே 25, 30 சதவீதம் வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்கள் சரிந்து, ஆயிரக்கணக்கானோர் முதலையே இழந்தார்கள். அரசாங்கமே ஆண்டுக்கு எட்டு சதவீதம் கொடுக்கும்போது, ஒருவன் மாதத்துக்கு இருபத்தைந்து எங்கிருந்து கொடுப்பான்? உங்கள் பின்னால் வருகிறவன் பணத்தை உங்களுக்குக் கொடுக்கிறான். பின்னால் வருகிறவன் நின்றதும் எல்லாம் நின்றுவிடும். இப்போது போலீஸ் என்றும் நீதிபதி என்றும் வீடியோவில் வந்து, "டிஜிட்டல் கைது" என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. போனை வைத்துவிட்டு 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

மருத்துவக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய நிபந்தனை அதில் உண்டு. எழுபது வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பில்லாமல், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் வரை சிகிச்சை அளிக்கும் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கத்தை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. விவரம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டை எழுதிக் கொடுக்கலாமா?

நம்மிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது எதையும் இங்கே சொல்லவில்லை. கோவில் முற்றத்தில் எல்லாரும் அறியச் சொன்ன ஒன்றையே சொல்கிறோம். ஒரு பெரியவர், மகனுடைய நெருக்கடிக்கு இரங்கி, வீட்டைத் தான செட்டில்மெண்ட் செய்து கொடுத்தார். பத்திரத்தில் எந்த நிபந்தனையும் எழுதவில்லை. பெற்ற மகனுக்கு நிபந்தனையா என்றார். மகன் கெட்டவன் அல்லன். கடன்காரன் நெருக்கினான், வீடு கைமாறியது. பெரியவரும் அம்மாளும் கடைசி ஆண்டுகளை வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் கழித்தார்கள். மகன் தலை குனிந்தபடியே அவர்களைப் பார்க்க வந்து போனான். அந்த வீடு இருந்திருந்தால் அவனுக்கும் ஒரு நிழல் இருந்திருக்கும்.

சீராக்கின் ஞான ஆகமம் 33ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். உயிரோடிருக்கும்வரை மகனுக்கோ மனைவிக்கோ சகோதரனுக்கோ நண்பனுக்கோ உன்மீது அதிகாரம் கொடாதே, கடைசி நாளில் சொத்தைப் பகிர்ந்து கொடு என்ற கருத்தை அந்த ஞானி ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். ஊதாரி மைந்தன் உவமையில் தகப்பன் பங்கைப் பிரித்துக் கொடுத்தாரே என்பீர்கள். கொடுத்தார். ஆனால் வீட்டு நிர்வாகம் அவர் கையிலேயே இருந்தது. கொழுத்த கன்றை அடிக்கவும், மோதிரம் போடவும் கட்டளையிட அவருக்கு அதிகாரம் இருந்தது. அந்த வீடு அவருடையதாக இருந்ததால்தான், கெட்டுப்போன மகனுக்குத் திரும்பி வர ஓர் இடம் இருந்தது.

எனவே, கொடுப்பதை உயிலாக எழுதி வைக்கலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும்; மனம் மாறினால் உயிரோடிருக்கும்வரை மாற்றி எழுதலாம். இப்போதே கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியிருந்து பிள்ளை தவறினால், 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி அந்தப் பத்திரத்தை இரத்துச் செய்யக் கேட்கலாம். உயில் இல்லாமல் இறக்கும் கிறிஸ்தவர் சொத்தில், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவே. சீர் செய்தாயிற்று, மகளுக்கு உரிமையில்லை என்பது நம் பழக்கம். சட்டமும் அல்ல, சுவிசேஷமும் அல்ல.

நான்காவது: ஆன்மா

பதவி போனதும் பலருக்குப் பெயரே போய்விட்டது போலிருக்கிறது. நேற்றுவரை "சார்" என்று எழுந்து நின்றவன் இன்று பார்க்காதது போல் போகிறான். இந்தக் காயம் சர்க்கரைப் புண்ணைப் போன்றது, உள்ளே புரையோடும். ஆபிரகாம் தம் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது வயது எழுபத்தைந்து. கோவிலில் குழந்தை இயேசுவைக் கைகளில் ஏந்திய சிமியோன் முதியவர். அவரோடு நின்ற அன்னாள் எண்பத்து நான்கு வயது விதவை. இறைவன் யாருக்கும் பணிநிறைவுக் கடிதம் கொடுத்ததாகத் தெரியவில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல், ஜூலை மாத நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாக ஏற்படுத்தியதும், மாதாவின் பெற்றோரான சுவக்கீன், அன்னம்மாள் திருநாளை ஒட்டியே.

ஐம்பது வயதுக்குப் பின் சகோதரருக்கு உதவலாம் என்ற லேவியரை முதலில் சொன்னோம். நம் பங்கிலும் அந்த உதவிக்கு இடம் காலியாகவே இருக்கிறது. வின்சென்ட் தே பவுல் சபைக்குக் கணக்கு எழுத ஆள் வேண்டும். மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆசிரியர் வேண்டும். பென்ஷன் மனுவும் முதியோர் உதவித்தொகை மனுவும் எழுதத் தெரியாத ஏழைகளுக்கு எழுதிக் கொடுக்க ஆபீஸ் அனுபவம் உள்ளவர் வேண்டும். படுக்கையில் கிடக்கும் நோயாளியருகே அரை மணி நேரம் உட்கார ஒரு மனிதர் வேண்டும். முப்பது ஆண்டு கற்ற வேலையைச் சம்பளமின்றிச் செய்யும்போதுதான் அது காணிக்கையாகிறது.

பிரியமுள்ளவர்களே, கேட்டுவிட்டுப் போவதோடு இது நின்றுவிடலாகாது. திருவிழாக் கொடி இறங்குவதற்குள் நான்கு காரியங்களைச் செய்து முடியுங்கள். ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கணக்குகள், பத்திரங்கள், கடன்கள் அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதி, மனைவிக்கோ கணவருக்கோ காட்டுங்கள். நாமினி பெயர்கள் சரியா என்று பாருங்கள். நான்காவதாக, பங்கில் எந்தப் பணிக்கு வாரம் இரண்டு மணி நேரம் கொடுப்பீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி, நம் அலுவலகப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

உங்கள் உழைப்பால் எழுந்த இந்தக் கோவில் ஐம்பது ஆண்டு நின்றது. இனி வரும் ஐம்பதுக்கும் உங்கள் செபம் அதற்கு அஸ்திவாரமாய் இருக்கட்டும். சுவக்கீன் அன்னம்மாள் மன்றாட்டால், எல்லாம் வல்ல இறைவன் உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.